மெட் மியூசியத்தில் சாண்டா குரூஸ் இறகுப் பணம்: பணமா, கலைப்பொருளா?

வெண்ணாறு:
நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தின் ஓசியானியா (பசிபிக் தீவுகள்) பகுதிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நடப்பார்கள். நியூ கினி அஸ்மத் மக்கள் செதுக்கிய கம்பங்கள் அவ்வளவு உயரம். அவற்றைச் சேகரிக்கப் போன மைக்கேல் ராக்ஃபெல்லர் 1961இல் அங்கேயே காணாமல் போன கதையும் சேர்ந்துவிட்டதால் கூட்டம் எல்லாம் அந்தப் பக்கம்தான். தாழ்வாக ஒரு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சுருளை முக்கால்வாசிப் பேர் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

கருஞ்சிவப்பா பழுப்பா என்று சட்டென்று சொல்ல முடியாத நிறம். மூன்று நான்கு விரல் அகலத்தில் ஒரு தடித்த பட்டை, உள்ளுக்குள் உள்ளாகச் சுற்றி வைத்திருக்கிறது. ஓரத்தில் கயிற்று நுனிகள், அதில் சிப்பித் துண்டுகளும் கொட்டைகளும் கோத்துத் தொங்குகின்றன. குனிந்து பார்த்தால்தான் அது துணியோ நாரோ இல்லை, முழுக்க இறகு என்று தெரிகிறது. ஒரு இடத்தில் மேல் அடுக்கு உதிர்ந்து அடியில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன வில்லைகள் வரிசையாகத் தெரிந்தன. சிவப்பு அந்த வில்லைகளின் விளிம்பில் மட்டும்தான், மெல்லிய கோடாக.

சாலமன் தீவுகளின் சாண்டா குரூஸ் பகுதியில் புழங்கிய பணம், பெயர் தெவாவு என்று போட்டிருந்தது. பெண் எடுக்கும்போது கொடுப்பது என்றும் ஒரு வரி. அவ்வளவுதான் விவரம். இதை வைத்து என்ன வாங்கினார்கள், எவ்வளவு பெறும், மதிப்பை யார் சொன்னார்கள், ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த முகமூடிக்கு இதைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். பணத்தைக் கலைக்கூடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அது எப்படிப் பணமாக இருந்தது என்று சொல்லாவிட்டால் பார்க்கிறவனுக்கு என்ன புரியும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நாணயப்பித்தன்:
நல்ல இழை. காசு சேர்க்கிறவர்கள் மத்தியில்கூட இதைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை, எல்லோருக்கும் யாப் தீவுக் கல் பணம் மட்டும்தான் தெரியும்.

சாண்டா குரூஸ் என்பது சாலமன் தீவுகளின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் தெமோட்டு மாகாணம். பெரிய தீவு நென்டோ. சுருள் செய்யும் வேலை அந்த ஒரு தீவில், அதுவும் சில ஊர்களில் மட்டும் நடந்தது. மூன்று பேர் சம்பந்தப்பட்ட வேலை, மூன்றும் வழிவழியாக வரும் தொழில். முதல் ஆள் குருவி பிடிப்பவர். கிளையில் பிசின் தடவி, கட்டிவைத்த குருவியையோ அதன் குரலையோ காட்டி மற்றவற்றை வரவழைத்து, ஒட்டிக்கொண்டதும் சிவப்பு இறகைப் பறித்துக்கொள்வார். இரண்டாவது ஆள் புறாவின் சாம்பல் இறகுகளை மரப்பாலால் ஒட்டி வில்லை செய்து, விளிம்பில் சிவப்பு இறகை ஒட்டுவார். நீங்கள் உதிர்ந்த இடத்தில் பார்த்தது அந்தப் புறா இறகுதான். மூன்றாவது ஆள் வில்லைகளை இரண்டு இணைக் கயிறுகளின் மேல் நாட்டு ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்று பாதி மறைய வைத்துக் கட்டிக்கொண்டே போவார். வில்லையில் சிவப்பு இல்லாத பாகம் எல்லாம் அடுத்த வில்லைக்கு அடியில் போய்விடும். வெளியே தெரிவது சிவப்பு மட்டும்.

ஒரு சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 10 மீட்டர். வில்லைகள் 1,500 முதல் 1,800 வரை. சிவப்பு இறகு 50,000 முதல் 60,000. ஏறக்குறைய 300 குருவிகளின் இறகு ஒரு சுருளுக்குப் போகும் என்கிறார்கள். ஆக மேல்பார்வைக்கு ஆடம்பரம், உள்ளுக்குள் பயங்கரச் சிக்கனம். கிடைப்பதற்கு அரிய பொருளை ஒரு நூல் அளவு கூட மறைவில் வீணாக்காமல் பரப்பியிருக்கிறார்கள்.

மதிப்பு விஷயம் இன்னும் சுவாரசியம். பத்துத் தரம். ஒவ்வொரு தரமும் அதற்குக் கீழே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. தரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சிவப்பு எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதுதான். பெண் எடுக்க முறைப்படி பத்துச் சுருள், தரத்துக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். கைமாறும்போது எல்லோரும் பார்க்க வெளியில் பிரித்து நீட்டி, அங்குலம் அங்குலமாகப் பார்த்து, இது மூன்றாவதா நான்காவதா என்று வாக்குவாதம் நடக்கும்.

கொக்கரக்கோ:
பத்துத் தரமும் சரி, அண்ணாச்சி. ஒரு பன்றி வாங்கப் போகிறேன், கையில் இருப்பது முதல் தரச் சுருள். மீதிச் சில்லறை எதில் கொடுப்பான்? நாலு இறகு பிய்த்தா?

நாணயப்பித்தன்:
சிரித்தாலும் சரியான கேள்வி. சுருளை வெட்ட முடியாது, வெட்டினால் அது பணம் இல்லை, குப்பை. பன்றிக்குப் பன்றிக்கேற்ற தரத்தில் சுருள் தேட வேண்டும், இல்லையென்றால் இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். இரட்டிப்பு முறை அதற்குத்தான் உதவுகிறது. ஒரு மேல் தரச் சுருளுக்கு அடுத்த தரத்தில் இரண்டு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடைசித் தரத்தை 1 என்று வைத்தால் முதல் தரம் 512. கீழே இருக்கும் ஒன்பது தரத்திலும் ஒவ்வொன்று சேர்த்தால் 511. அதாவது பத்துச் சுருளில் அந்த ஒரே ஒரு முதல் தரச் சுருளின் மதிப்பு மற்ற ஒன்பதையும் சேர்த்ததைவிட 1 அதிகம். கல்யாணப் பேச்சில் அடிதடி எங்கே வரும் என்று இப்போது புரிகிறதா? கீழ்த் தரத்தில் நான்கைந்தை விட்டுக்கொடுத்தாலும் பெரிய நட்டம் இல்லை. முதல் தரம் என்று கொண்டுவந்ததை எதிராளி இரண்டாம் தரம் என்று சொல்லிவிட்டால் முழுத் தொகையில் கால் பங்கு போயிற்று.

தாளடி:
பறவை பார்க்கும் ஆசாமி என்பதால் குருவி பற்றி மட்டும் ஒரு குறிப்பு. இதன் அறிவியல் பெயர் மைசோமெலா கார்டினாலிஸ். நம்மூர் தேன்சிட்டு மாதிரி பூவில் தேன் குடிக்கும் பறவை, ஆனால் குடும்பமே வேறு. 12, 13 சென்டிமீட்டர் இருக்கும். ஆண் குருவிக்குத் தலை, மார்பு, முதுகு எல்லாம் இரத்தச் சிவப்பு, இறக்கையும் வாலும் கறுப்பு. சாலமன் தீவுகளின் கிழக்குப் பகுதி, வனுவாட்டு, சமோவா என்று பரவலாக இருக்கிறது. 300 குருவி என்றதும் பதறுகிறவர்களுக்கு: இது அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை இல்லை. தோட்டங்களில்கூட வரும்.

பறிக்கும் இறகு எவ்வளவு சின்னது என்று யோசியுங்கள். மார்பில் இருக்கும் மென்மையான இறகு, நகக்கண் அளவு. அதில் சிவப்பு நுனியில் மட்டும். அதை ஒரே திசையில் பார்க்கும்படி அடுக்கி, பிசின் சிவப்பின் மேல் படாமல் ஒட்ட வேண்டும். பசை பட்டால் இறகின் இழைகள் ஒட்டிக்கொண்டு நிறம் செத்துவிடும். இதை ஆயிரத்து ஐந்நூறு வில்லைக்கும் செய்திருக்கிறார்கள் என்றால், வெண்ணாறு பார்த்தது அருங்காட்சியகத்தில் வைக்கத் தகுந்த கைவேலையா என்ற கேள்வியே எழாது.

புறா பசிபிக் இம்பீரியல் புறா, பெரிய உடம்பு, சாப்பாட்டுக்கும் பிடிப்பார்கள். பொருளில் கஷ்டம் சிவப்பில்தான்.

தாரகை:
எல்லோரும் இறகையும் தரத்தையும் ரசித்துக்கொண்டிருக்கிறீர்கள். ரசியுங்கள், ஆனால் எதற்காகக் கொடுத்தார்கள் என்பதையும் ஒரு நிமிடம் பாருங்கள். "பெண் எடுக்கும்போது கொடுப்பது" என்று மியூசியம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. கல்யாணம் ஒரு பக்கம். இதே சுருள்களைக் கொடுத்து, முக்கியமாகப் பக்கத்து ரீஃப் தீவுகளிலிருந்து பெண்களை நென்டோ ஆண்கள் ஆசைநாயகிகளாக வாங்கிக்கொண்டு போன வழக்கமும் இருந்தது. அப்படிப் போன பெண்ணை ஒரு குழுவினர் சேர்ந்து வாங்கி, பிறகு வேறு கைக்கு மாற்றிய வழக்கமும் உண்டு. பிரிட்டிஷ் நிர்வாகம் தலையிட்டு நிறுத்திய விஷயம்.

நம் பக்கமும் பரிசம் போட்டவர்கள்தான், அதனால் மாப்பிள்ளை வீடு கொடுப்பது என்றாலே விலைக்கு வாங்குவது என்று நான் சொல்லவில்லை. பெண்ணை வளர்த்த வீட்டுக்கு ஈடு, இரண்டு வீட்டுக்கும் உறவு என்று நிறைய அர்த்தம் இருக்கலாம். ஆனால் அதே பணம், அதே தரம், அதே பேரம், இந்தப் பக்கம் மனைவி, அந்தப் பக்கம் வாங்கிய பெண். இதை விட்டுவிட்டு "சடங்குப் பணம்" என்று அழகாகப் பெயர் வைப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

மெல்பர்ன் ராசு:
தாரகை அக்கா சொன்னதை ஒட்டி, ரீஃப் தீவுகளிலிருந்து ஏன் என்று சொன்னால்தான் படம் முழுமையாகும். அந்த வட்டாரத்தில் எந்தத் தீவுக்கும் எல்லாம் கிடைக்காது. ரீஃப் தீவுகள் தாழ்வான பவளத் தீவுகள், நிலம் குறைச்சல், ஆட்கள் அதிகம். இன்னும் வடக்கே டஃப் தீவுகள், அங்கே தௌமாகோவில்தான் நீண்ட தூரம் போகும் தெ பூகெ படகு கட்டுவார்கள். சுருள் செய்வது நென்டோவில் மட்டும். ஆனால் ரீஃப் தீவுக்காரனும் பெண் எடுக்க வேண்டுமானால் அதே இறகுச் சுருள்தான் கொடுக்க வேண்டும், அவன் ஊரில் அது உற்பத்தி ஆவதே இல்லை. அப்போது அவன் என்ன செய்வான்? தன்னிடம் இருப்பதைக் கொண்டுபோய் விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும். படகு, பன்றி, மீன், உழைப்பு. அக்கா சொன்ன அந்தக் கொடுமையும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. அச்சடிக்கும் இடம் ஒருவன் கையில் இருந்தால் மற்றவர்கள் அவனுக்காகவே ஓட வேண்டியிருக்கும், இன்றைக்கு டாலர் வைத்து நடப்பதும் வேறு கதை இல்லை.

படகுப் பயணம் சும்மா இல்லை. திறந்த கடலில், விண்மீனையும் அலையின் போக்கையும் பார்த்து ஓட்டுவது. சுருளை இலையிலும் மரப்பட்டைத் துணியிலும் பொதிந்து எடுத்துப் போவார்கள். கடல் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு இடைச்செருகல்: 1568இல் ஸ்பெயின்காரன் மென்டானா இந்தப் பக்கம் வந்துபோன பிறகுதான் சாலமன் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது, சாலமன் ராஜாவின் பொன் இங்கேதான் என்ற நப்பாசை. 1595இல் குடியேற ஆட்களோடு திரும்ப வந்து, பழைய தீவுகளைக் கண்டுபிடிக்க முடியாமல், இதே நென்டோவில் இறங்கி, அங்கேயே செத்துப் போனான். அதன் பிறகு கப்பல்களை நடத்தியது அவன் மனைவி இசபெல் பாரெட்டோ.

தாரகை:
ராசு, காரணம் புரிகிறது, நன்றி. நான் கேட்பது காரணம் அல்ல. கண்ணாடிக்குப் பக்கத்தில் நாலு வரி எழுத இடம் இருக்கும்போது அதில் எது போகிறது என்பதுதான். பெயருக்கும் ஊருக்கும் கல்யாணத்துக்கும் இடம் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு ஒரு வரி இல்லை.

பூதலூரான்:
நான் பொருளாதாரம் படித்தவன், என்னைக் கவர்ந்தது வேறு. நிறம் மங்கினால் தரம் இறங்கும் என்றால், இது வைத்திருந்தால் கரையும் பணம். இன்றைக்கு முதல் தரமாகப் பிறந்த சுருள் சில காலத்தில் இரண்டாவது, மூன்றாவது என்று இறங்கி, கடைசியில் கறுத்துப்போய் ஒன்றுக்கும் ஆகாமல் நிற்கும். சில்வியோ கெசல் என்ற ஜெர்மன்காரர் பணம் துருப்பிடிக்க வேண்டும், அப்போதுதான் பதுக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1932இல் ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சின்ன ஊரில் அப்படியே செய்து பார்த்தார்கள், மாதம் 1 சதவீதம் மதிப்பு குறையும் பணச் சீட்டு, அதன் மேல் முத்திரை வாங்கி ஒட்டினால்தான் பழைய மதிப்பு நிற்கும். அடுத்த வருடமே மத்திய வங்கி தடுத்துவிட்டது. அவர்கள் காகிதத்தில் செயற்கையாகக் கொண்டுவந்ததை நென்டோவில் பூச்சியும் பூஞ்சையும் வெயிலும் இயற்கையாகவே செய்துகொண்டிருந்தன.

நாணயப்பித்தன்:
ஒப்பீடு நன்றாக இருக்கிறது, பாதி தூரம்தான் போகும். நென்டோக்காரர்கள் கரைகிறதே என்று அவசரமாகச் செலவழிக்கவில்லை, கரையாமல் காக்கத்தான் படாதபாடு பட்டார்கள். பொதிந்து வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். புகையும் சூடும் ஈரத்தை ஏறவிடாது, பூச்சியை அண்டவிடாது. எடுத்துப் பார்ப்பதே அபூர்வம். கல்யாணம் வந்தால்தான் வெளியே வரும். பத்துச் சுருள் சேர்ப்பது ஒருவரால் ஆகிற காரியமும் இல்லை, சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாகத் தர வேண்டும், அதற்கு இவன் பின்னால் திருப்பிச் செய்ய வேண்டும்.

ஆனால் ஒன்று உங்கள் பேச்சிலிருந்து வருகிறது. முதல் தரம் என்பது எப்போதும் புதிதாகச் செய்ததாகத்தான் இருக்க முடியும். பாட்டன் சொத்து என்று ஒருவனும் உச்சியில் உட்கார முடியாது. யாப் கல் பணத்தில் இது நடக்காது, அங்கே கல் கடலுக்கு அடியில் போனாலும் மதிப்பு நிற்கும். இங்கே செய்கிற மூன்று தொழில்காரர்கள் நின்றால் மேல் தரங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகும். அதுதான் நடந்தது. பெண் பணத்துக்கும் படகுக்கும் ஆஸ்திரேலியக் காசு புகுந்தது, இளைஞர்கள் கூலி வேலைக்குப் போனார்கள், 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செய்வது அநேகமாக நின்றுபோனது. வில்லியம் டேவன்போர்ட் என்ற மானிடவியலாளர் 1962இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார், அதற்குள்ளாகவே செய்யத் தெரிந்தவர்கள் சொற்பம்.

அரக்குப்பெட்டி:
பழம்பொருள் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன், இறகுப் பொருள்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. எந்த இடம் என்பது வேண்டாம்.

வெண்ணாறு, நீங்கள் பார்த்த பழுப்பு நிறத்துக்குப் பல காரணம் இருக்கும். பாதி வெளிச்சம். சிவப்பு இறகில் இருக்கும் நிறமி வெளிச்சத்தில் போய்க்கொண்டே இருக்கும், போனது திரும்ப வராது. அதனால்தான் இறகு, பட்டு, சாயத்துணி இருக்கும் பெட்டிகளில் 50 லக்ஸுக்கு (லக்ஸ் வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விடுவதில்லை. அந்தப் பெட்டிகள் இருட்டாக இருப்பது கஞ்சத்தனம் இல்லை. மெட்டின் அந்தப் பகுதியில் தெற்குப் பக்கம் பூங்காவைப் பார்த்துப் பெரிய கண்ணாடிச் சுவர், வெயில் நேராக விழும். 2021இல் மூடி 2025 மே மாதம் திறந்த வேலையில் அந்தக் கண்ணாடியையும் மாற்றினார்கள்.

இன்னொரு பாதி புகை. அடுப்புக்கு மேல் தொங்கியதன் கரி இறகு இழைகளுக்குள் இறங்கியிருக்கும். அதைத் துடைத்தால் கொஞ்சம் சிவப்பு மேலே வரலாம். நாங்கள் துடைப்பதில்லை. அந்தக் கரிதான் அது ஒரு வீட்டில் பணமாக இருந்ததற்கான ஒரே சாட்சி. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் முதலில் முழிப்பார்கள், அழுக்கை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று.

தொட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய சேகரிப்புகளில் இறகு, தோல் எதுவானாலும் பூச்சிக்காக ஆர்சனிக், பாதரச உப்பு தடவிய வழக்கம் பல காலம் இருந்தது. நாங்கள் கையுறை போட்டுத்தான் எடுக்கிறோம், பாதி பொருளைக் காக்க, பாதி எங்களைக் காக்க. இப்போது பூச்சி வந்தால் பொதிந்து உறைகுளிரில் சில நாள் வைப்போம், மருந்து கிடையாது.

கொக்கரக்கோ:
ஆக ஊரில் இருந்தால் புகை, இங்கே வந்தால் விஷம். அந்தக் குருவிக்கு நிம்மதியே இல்லை.

மெல்பர்ன் ராசு:
எனக்கு இதில் ஒரு நெருடல். மியூசியம் காக்கிறது காக்கிறது என்கிறோம். எதைக் காக்கிறது? மங்கி முடிந்த ஒன்றை. நென்டோவில் நீட்டிப் பிடித்திருந்தால் கடைசித் தரத்தில்கூடச் சேர்க்க மாட்டார்கள், "இதைக் கொண்டா பெண் கேட்டு வந்தாய்" என்பார்கள். நியூயார்க்கில் அதற்குக் காவல், குளிர்பதனம், காப்பீடு. திருப்பிக் கொடுத்துவிடலாமே? 1779இல் ஹவாய் அரசர் கலானியோபுவு கேப்டன் குக்குக்குப் போர்த்திய இறகு அங்கி நியூசிலாந்தின் தெ பாப்பா மியூசியத்தில் இருந்தது, 2016இல் ஹொனலுலு பிஷப் மியூசியத்துக்குப் போனது, முதலில் கடனாக, 2020இல் நிரந்தரமாக. அப்படி இதற்கும் செய்யலாம்.

நாணயப்பித்தன்:
ராசு, அந்த அங்கி ஒரு அரசருடையது, உலகத்தில் ஒன்றே ஒன்று. சுருள் அப்படி இல்லை, ஆயிரக்கணக்கில் கைமாறியது. வெளியாள் காசு கொடுத்துக் கேட்டபோது மங்கியதை விற்றிருப்பார்கள், நல்லதை வைத்துக்கொண்டு. விவரமான வியாபாரி அதைத்தான் செய்வான். எல்லாச் சுருளும் பறித்துக்கொண்டு வந்தது என்று நினைத்தால் அந்த மக்களின் சாமர்த்தியத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம்.

நான் வேறு திசையில் யோசிப்பேன். சாலமன் தீவுகளிலேயே மலைத்தா தீவின் லங்காலங்காப் பகுதியில் சிப்பிப் பணம் இன்றைக்கும் செய்கிறார்கள். அதிலும் சிவப்புக்குத்தான் அதிக மதிப்பு, சிப்பியைச் சூடான கல்லில் வைத்துச் சிவப்பை ஏற்றுவார்கள். பத்துச் சரம் கோத்த தாஃபுலியே கல்யாணத்துக்கு இன்றும் போகிறது. பப்புவா நியூ கினி நாட்டின் நியூ பிரிட்டன் தீவில் தோலாய் மக்களின் தாபு சிப்பிப் பணமும் உயிரோடு இருக்கிறது, பெரிய வளையமாகச் சுற்றிச் சேர்த்து வைப்பார்கள், ஆள் இறந்தால் வளையத்தை அறுத்து வந்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். சிப்பி மங்காது, அறுக்கலாம், சில்லறை உண்டு. கொக்கரக்கோ கேட்ட அந்தச் சில்லறைக் கேள்விக்கு விடை இருந்த பணம் பிழைத்தது. இல்லாதது மியூசியத்துக்குப் போனது.

தாரகை:
சில்லறை ஒரு காரணம் என்றால், சிப்பிப் பணம் செய்வதில் பெண்கள் பங்கு பெரியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லங்காலங்காவில் சிப்பி உடைப்பது, தேய்ப்பது, துளை போடுவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கைதான். சந்தையில் கொண்டுபோய் விற்பதும். சில குடும்பத்து ஆண்களிடம் மட்டும் இருந்த தொழில் அவர்களோடு போவதில் ஆச்சரியம் என்ன?

வெண்ணாறு:
எல்லோருக்கும் நன்றி. இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது, மியூசியம் காட்டும் விதமே இந்தப் பொருளுக்கு எதிரானது. சுருட்டி வைத்தால் அது ஒரு வட்டம், அழகான வடிவம், கலைப்பொருள். அதைப் பணமாகப் பார்த்தவர்கள் யாரும் சுருளாகப் பார்க்கவில்லை, 10 மீட்டரும் நீட்டிப் பிடித்து, பகல் வெளிச்சத்தில், எங்கே மங்கியிருக்கிறது எங்கே இட்டு நிரப்பியிருக்கிறது என்று குறை தேடித்தான் பார்த்தார்கள். குறை தேடும் கண் இல்லாமல் பார்த்தால் பணம் தெரியாது. இன்னொன்று, ஒரே ஒரு சுருளை வைத்தால் தரம் என்பதே புரியாது. மங்கியது ஒன்று, மங்காதது ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பத்து வயதுப் பையனுக்கும் விளங்கும், விளக்கச் சீட்டே வேண்டாம். மற்றது தாரகை அக்கா சொன்ன வரி. அது மட்டும் சீட்டில் எழுதித்தான் ஆக வேண்டும், பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அரக்குப்பெட்டி, ஒரு சந்தேகம். நீட்டிக் காட்டுவது சாத்தியமா? கேட்டால் இடம் இல்லை என்பார்களா?

அரக்குப்பெட்டி:
இடம் பெரிய பிரச்சினை இல்லை, கயிறுதான். பல காலம் சுருண்டே இருந்த நாரைப் பிரித்தால் வளைவில் இருக்கும் கட்டுகள் அறுந்து வில்லைகள் கொத்தாக விழும். ஒரு முழம் மட்டும், அதுவும் வெளிச்சுற்றில் உறுதியாக இருந்தால், ஈரப்பதம் ஏற்றி மெதுவாகத் தளர்த்தலாம். நான் என்றால் அதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். உட்பக்கச் சுற்றில் வெளிச்சமே படாத பாகத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பக்கத்தில் மாட்டச் சொல்வேன், அங்கே பழைய சிவப்பு பெரும்பாலும் மிச்சம் இருக்கும். அடுத்த முறை போனால் சுற்றுகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கைப் பாருங்கள், கண்ணாடிக்கு இடது வலதாக நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் தெரியும். கைப்பேசி விளக்கை மட்டும் போடாதீர்கள், காவலர் வருவதற்கு முன்னால் என் சாபம் வரும்.